சந்திரமுகி ஏன் தெலுங்கு பேசினாள்?

எனக்கு வந்த கேள்வி இது: "நான் சந்திரமுகி பார்த்து வளர்ந்தவள். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் திரைப்படம் படிக்கிறேன். பேய்ப்பட ரீமேக் எதுவும் ஒரிஜினலுக்கு ஈடாகாது என்று வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா? மலையாள மூலப்படமான மணிச்சித்ரத்தாழ் பார்த்துவிட்டால் சந்திரமுகி பிடிக்காமல் போய்விடுமா?"

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஈடாகும். அபூர்வமாகத்தான், ஆனாலும் ஆகும். ஏன் அபூர்வம் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. பேய் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும், அதனால் இரண்டாவதாக வரும் படம் தோற்கும் என்பார்கள். அப்படியானால் ஒரே பேய்ப்படத்தை யாரும் இரண்டாம் முறை பார்க்கவே மாட்டார்களே. திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. திடுக்கிடத்தான் ரகசியம் வேண்டும். பயப்பட, நமக்குப் பழகிய ஓர் இடம் வேண்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2002இல் 'தி ஐ' வந்தது. பாங் சகோதரர்கள் இயக்கிய ஹாங்காங் படம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அதன் கூட்டுத் தயாரிப்பில் நம் சிங்கப்பூர் மீடியாகார்ப்பின் ரெயின்ட்ரீ பிக்சர்ஸும் உண்டு. சின்ன வயதிலேயே பார்வை இழந்த ஒரு பெண்ணுக்குக் கருவிழி மாற்று சிகிச்சை நடக்கிறது. பார்வை திரும்புகிறது. கூடவே, மற்றவர் கண்ணுக்குத் தெரியாதவர்களும் அவளுக்குத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். அதில் ஒரு லிஃப்ட் காட்சி. கிழவர் ஒருவர் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பாதம் தரையில் படவில்லை. மாடி எண்கள் ஒவ்வொன்றாக, தாங்க முடியாத மெதுவில் ஏறுகின்றன. அவர் மெல்ல மெல்ல அவளை நெருங்குகிறார். அவள் திரும்பாமல் நிற்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

அப்போது நாங்கள் தோ பாயோவில் ஒரு பழைய வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் ஏழாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. அந்தக் காலத்து லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். ஏழாம் மாடிக்காரர்கள் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்க வேண்டும். படம் முடிந்து வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. லிஃப்ட்டுக்குள் ஏறியதும் பின்மூலையில் முதுகை ஒட்டி நின்றுகொண்டேன், அந்த மூலை காலியாக இருக்கக்கூடாது என்று. அப்போதுதான் எதிர்ப்பக்கம் இன்னொரு மூலை இருப்பது கண்ணில் பட்டது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, நான்காம் மாடி ஒவ்வொன்றாகக் கீழே போயின. ஐந்தில் இறங்கி அந்த இரண்டு மாடிப் படிக்கட்டையும் எப்படி ஏறினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

இந்தப் படத்தைத் தமிழில் 2004இல் 'அது' என்ற பெயரில் எடுத்தார்கள், சினேகா நடித்தார். அடுத்த ஆண்டு இந்தியில் 'நைனா', ஊர்மிளா மடோன்ட்கர். 2008இல் ஹாலிவுட்டில் ஜெசிகா ஆல்பா. கதைக்கரு மூன்றிலும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் மூலப்படத்தின் பயம் கருவில் மட்டும் இல்லை. குறுகிய நடைபாதை, கொக்கியில் வறுத்த இறைச்சி தொங்கும் சாப்பாட்டுக் கடை, பத்துப் பதினைந்து மாடி ஏறும் லிஃப்ட், முகம் தெரியாதவர்களோடு தோள் உரசி வாழும் வாழ்க்கை என்று ஹாங்காங்கிலும் இங்கேயும் தினமும் இருக்கிற ஒரு சங்கடத்தின்மேல் அதைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்காமல் இருப்பதுதான் அடுக்குமாடி நாகரிகம். அந்த நாகரிகத்துக்குள்ளேயே பேயைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ரீமேக் எடுத்தவர்கள் கண்ணைக் கொண்டுபோனார்கள், புளோக்கை விட்டுவிட்டுப் போனார்கள். தங்கள் ஊரில் அந்தச் சங்கடம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் தேடியதாக எனக்குத் தோன்றவில்லை.

என் பதிலின் சாரம் இதுதான். கதையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதாது. பயத்துக்குப் புது ஊரில் வீடு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அச்சு மாறாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சோதனை நடந்தாயிற்று. ஹிட்ச்காக்கின் 1960 'சைக்கோ'வை 1998இல் கஸ் வான் சான்ட் ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் மறுபடி எடுத்தார். அதே திரைக்கதை, பெர்னார்ட் ஹெர்மனின் அதே இசை, வண்ணம் மட்டும் புதிது. செத்தவருக்கு அவருடைய சட்டையையே போட்டு உட்கார வைத்த மாதிரி இருந்தது. அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். நான் ஆசையோடு பேசக் காத்திருந்த இடமும் இதுதான்.

மணிச்சித்ரத்தாழ் 1993இல் வந்தது. ஃபாசில் இயக்கம், மது முட்டம் எழுத்து. கேரளத்தில் ஒரு பழைய தறவாடு, அதாவது பரம்பரைப் பெருவீடு. அதில் பூட்டிக் கிடக்கும் தெக்கினி என்ற தெற்குக்கட்டு அறை. அந்த அறையைச் சுற்றி ஒரு நடனக்காரியின் கதை. அவள் பெயர் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து அழைத்துவரப்பட்டவள். அந்த வீட்டுக்கு வாழவந்த கங்கா அந்தக் கதையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிப்போய், ஒரு கட்டத்தில் நாகவல்லியாகவே ஆகிவிடுகிறாள். ஆகும்போது அவள் வாயிலிருந்து வருவது தமிழ்.

ஒரு மலையாளப் பார்வையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து இதை யோசித்துப் பாருங்கள். கூடவே இருந்து சாப்பிட்டுச் சிரித்த வீட்டுப் பெண் திடீரென்று எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழியில் பேசுகிறாள். பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. கோபம் மட்டும் முழுசாகப் புரிகிறது. ஜப்பானிய மொழியோ பிரெஞ்சோ பேசியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது, வேடிக்கையாகப் போயிருக்கும். பக்கத்து வீட்டு மொழி என்பதால்தான் உடம்பு சிலிர்க்கிறது.

சரி, அதைத் தமிழில் எடுக்க வேண்டும். நாகவல்லி தமிழே பேசினால் என்ன ஆகும்? கங்காவும் தமிழ், பேயும் தமிழ். குரல்தான் மாறும். படத்தின் முதுகெலும்பே போய்விடும். பி. வாசு இதற்கான விடையை முதலில் கன்னடத்தில் கண்டுபிடித்தார். 2004இல் அவர் எடுத்த 'ஆப்தமித்ரா'வில் நடனக்காரி ஆந்திரத்துக்காரி. அடுத்த ஆண்டு சந்திரமுகியிலும் அதையே வைத்தார். கன்னடருக்கும் சரி, தமிழருக்கும் சரி, தெலுங்கு என்பது எல்லை தாண்டினால் காதில் விழும் மொழி. 'ராரா' பாட்டு தெலுங்கில் இருப்பதை நாம் இப்போது சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த ஒரு முடிவில்தான் அந்தப் படத்தின் திகில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தபோது வட இந்திய அரண்மனைக்குள் வங்காளத்து நடனக்காரியைக் கொண்டுவந்தார். மூலப்படத்தில் இரண்டாம் குழு இயக்குநர்களில் ஒருவராக வேலை பார்த்தவர் அவர். எந்த ஆணி எங்கே அடிக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இப்படி, போன இடமெல்லாம் அந்தப் பேய் அந்த ஊரின் பக்கத்து மொழியைப் பேசியது. ரீமேக் என்ற வேலையை இதைவிட நன்றாகப் புரிந்துகொண்டு செய்த உதாரணம் எனக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. புளோக் கீழே சீனர் வீட்டுத் துக்கம் நடக்கும்போது இரவில் மணிச்சத்தமும் மந்திரமும் மேலே கேட்கும். ஒரு வார்த்தை புரியாது, எதற்கென்று மட்டும் புரியும். சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது பேய் மாதம், நடக்கும் கெத்தாய் பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்காக. நம் சமயம் இல்லை, நம் மொழி இல்லை. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று அதில் போய் உட்காரப் பார்த்தால் அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பார். நடைபாதையில் எரித்துப் போட்ட காகிதச் சாம்பலைக் காலால் மிதிக்காமல் சுற்றிப் போகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பக்கத்து வீட்டுப் பேய்க்கு இந்த ஊரில் அவ்வளவு மரியாதை இருக்கிறது.

ஆக, சந்திரமுகி ஈடா? இந்த ஒரு முடிவில் ஈடு. முழுப்படமாக எடுத்துக்கொண்டால் இல்லை என்றுதான் சொல்வேன், உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும். மலையாளத்தில் மோகன்லால் நடித்த மனநல மருத்துவர் நெடுநேரம் கழித்துத்தான் படத்துக்குள் வருகிறார். அதற்குள் நாம் கங்காவோடு அந்த வீட்டில் குடியிருந்துவிடுகிறோம். அவளுடைய தனிமை, புருஷன் வேலையிலேயே மூழ்கிக் கிடப்பது, பழங்கதை கேட்டால் அவள் கண் மலர்வது எல்லாம் நமக்குப் பழகிவிடுகிறது. அதனால் பேய் வரும்போது நமக்குப் பயத்தைவிட முதலில் வருவது பதற்றம், இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிவிடுமோ என்று. ஷோபனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. விருது அந்தக் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை, அதற்கு முன்னால் அவர் சும்மா உட்கார்ந்து கதை கேட்ட காட்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

சந்திரமுகிக்கு வேறு கடமை இருந்தது. 'பாபா'வுக்குப் பிறகு ரஜினி நடித்து, 2005 ஏப்ரல் 14 அன்று வந்த படம். ரசிகர்கள் அவரைப் பார்க்கத்தான் வந்தார்கள், முதலிலிருந்தே அவர் இருந்தாக வேண்டும். வேட்டையனாகவும் அவரே. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நேரம் என்பது ஒரு பங்குதான். ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். குறைந்தது கங்காவுக்கு. மிஞ்சிய நேரத்தில் ஜோதிகா செய்தது பெரிய வேலை. அந்தப் பாட்டில் அவர் கண்ணை விரித்துக்கொண்டு ஆடியதைப் பார்த்துத் தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் இருந்த சிறுவன் அப்பா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கங்காவின் மனநோய் என்பது சந்திரமுகியில் ஒரு திருப்பம், மணிச்சித்ரத்தாழில் ஒரு துயரம். வித்தியாசம் அங்கேதான்.

இதே மாதிரி ஒரு பிசகு 'காஞ்சனா'வுக்கும் நடந்தது. 2011இல் ராகவா லாரன்ஸ் எடுத்தது. 2020இல் அவரே இந்தியில் அக்ஷய் குமாரை வைத்து 'லக்ஷ்மி' எடுத்தார். அதே இயக்குநர்தான், ஆனாலும் கைகூடவில்லை. காரணம் எளிது. தமிழில் நாயகன் பேய்க்குப் பயந்தாங்கொள்ளி, இருட்டினால் அம்மா துணை இல்லாமல் நகர மாட்டான். அந்தப் பயந்தவன் உடம்புக்குள் போய் உட்காருகிறது ஒரு திருநங்கையின் ஆவி. கோவை சரளா, தேவதர்ஷினி என்று வீட்டுப் பெண்களின் கலவரத்தில் படம் ஓடுகிறது. இந்தியில் நாயகனைப் பேயை நம்பாத பகுத்தறிவுக்காரன் ஆக்கிவிட்டார்கள். நம்பாதவன் உடம்பில் பேய் ஏறுவது ஒரு பாடம். பயந்தவன் உடம்பில் ஏறுவது ஒரு கதை. அந்த ஒரு மாற்றத்தோடு சிரிப்பும் போயிற்று, பயமும் போயிற்று.

ஹாலிவுட்டில் ஈடாக நின்றது எது என்று கேட்டால் நான் 'தி ரிங்' என்பேன். ஜப்பானில் 1998இல் ஹிதேயோ நகாதா எடுத்த 'ரிங்கு', 2002இல் கோர் வெர்பின்ஸ்கியின் அமெரிக்கப் படம். ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழு நாளில் இறந்துபோவார். ஜப்பானியப் படத்தில் கிணற்றிலிருந்து வரும் சதாகோவின் நடை ஏன் அப்படி உறுத்துகிறது தெரியுமா? நடிகையைப் பின்னோக்கி நடக்கச் சொல்லிப் படம்பிடித்து, பிறகு அதைத் தலைகீழாக ஓட்டினார்கள். எதிலோ தப்பு இருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது, எதில் என்று தெரியவில்லை. வெர்பின்ஸ்கி அதைக் காப்பியடிக்கப் போகவில்லை. மழையும் பச்சைநீல வெளிச்சமுமாக சியாட்டிலை எடுத்துக்கொண்டார். படகிலிருந்து கடலில் குதிக்கும் குதிரை என்று தனக்கான கெட்ட கனவுகளைக் கண்டார். தேவைக்கு மேல் விளக்கம் சொல்கிறது அந்தப் படம், அது எனக்குக் குறைதான். ஆனால் முக்கியமான ஒன்றை விடவில்லை. வரவேற்பறையில் சும்மா இருக்கும் டிவிதான் வாசல். அன்று எல்லார் வீட்டிலும் கேசட் இருந்தது. நாங்கள் தேக்காவில் வாடகைக்கு எடுப்போம், மேலே ஒட்டியிருக்கும் காகிதம் கிழிந்து, உள்ளே என்ன படம் என்று தெரியாமலே சில கேசட் வந்துவிடும். அதைப் போடும்போது வரும் அந்தப் புள்ளிப் புள்ளித் திரை போதும். 2017இல் அதே தொடரில் 'ரிங்ஸ்' என்று ஒன்று வந்தபோது பயம் குடியிருந்த அந்த வீடே காலியாகிவிட்டிருந்தது.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் வாதாட உதவும். ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்', 1982. அது 1951 படத்தின் ரீமேக் என்றாலும் அவர் அந்தப் படத்தைத் தாண்டி அதற்கும் மூலமான 1938 குறுநாவலுக்குப் போனார். யாருடைய உருவத்தையும் எடுக்கக்கூடிய உயிர் என்ற எண்ணம் அங்கேதான் இருந்தது, முந்தைய படம் அதைக் கைவிட்டிருந்தது. வந்தபோது தோல்வி. இன்று அந்த 1951 படத்தைப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. ஈடா இல்லையா என்ற தீர்ப்பு வந்த வாரத்தில் எழுதப்படுவதில்லை.

கடைசியாக, நம் ஊரில் நடந்தது. சிங்கப்பூரின் முதல் 'பொந்தியானாக்' படம் 1957இல் கேத்தே கெரிஸ் எடுத்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. நம் மண்ணின் மலாய்ப் பெண்பேய்க்குத் திரையில் உருவம் கொடுத்தது ஓர் இந்தியர் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை, தொலைந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பொந்தியானாக் வந்தாயிற்று. 2019இல்கூட 'டெண்டாம் பொந்தியானாக்', கிளென் கோய்யும் கேவின் யாப்பும் எடுத்தது, 1965ஆம் ஆண்டு ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், நடக்கும் கதை. இவற்றை எதோடு ஒப்பிடுவது? ஒரிஜினலைப் பார்க்கவே முடியாதே.

எங்கள் மாடியில் ஒரு மாக்சிக், வயதான மலாய் அம்மா, இருந்தார். முதல் படத்தைச் சிறுமியாக அப்பாவோடு போய்ப் பார்த்தவர். புதுப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, பாவம் அந்தப் பெண், பழிவாங்கத்தான் வேண்டும் என்றார். பழைய படம் எப்படி என்று கேட்டேன். படத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. தியேட்டரிலிருந்து கம்பத்துக்குத் திரும்பிய இரவைப் பற்றித்தான் சொன்னார். செம்மண் பாதை, அப்பா கையில் டார்ச், எங்கிருந்தோ கெம்போஜாப் பூ வாசம். வாழைத்தோப்பைத் தாண்டும்வரை அப்பாவும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. தாண்டிய பிறகு அப்பா அவரைத் தூக்கிக்கொண்டாராம். அந்த இரவோடு போட்டி போட எந்தப் புதுப் படத்தாலும் முடியாது, தொலைந்த அந்தப் படமே திரும்பி வந்தாலும் முடியாது. ரீமேக் தோற்றதாக நாம் சொல்லும்போது பாதி நேரம் அது தோற்றது மூலப்படத்திடம் இல்லை, நம் பன்னிரண்டு வயதிடம். உங்களுக்கும் சந்திரமுகி அப்படித்தான் இருக்கும். அதை மணிச்சித்ரத்தாழ் பறித்துவிடாது, தைரியமாகப் பாருங்கள்.

2024இல் அதை 4கே தரத்துக்கு மெருகேற்றி மறுபடி தியேட்டர்களில் வெளியிட்டார்கள். அந்தப் பிரதி கிடைத்தால் நல்லது. ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். மலையாளம் தெரியாததால் முழுப்படமும் துணைவசனம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் கங்காவின் குரல் மாறும் காட்சி வரும்போது அதை அணைத்துவிடுங்கள். புருஷன் பேசுவது உங்களுக்குப் புரியாது. அவள் பேசுவது புரியும்.